உலர் எடை

நலமுள்ள மனிதரின் சிறுநீரகங்கள் நாள்தோறும் ஏறத்தாழ 180 லிட்டர் நீர்மத்தை இரத்தத்திலிருந்து வடிகட்டுகின்றன. அதில் பெரும்பகுதியை உடல் மீண்டும் ஏற்றுக்கொள்கிறது; ஒன்று அல்லது இரண்டு லிட்டர் மட்டுமே சிறுநீராக வெளியேறுகிறது. சிறுநீரகங்கள் செயலிழந்தவருக்கு இவ்வழி அடைபட்டுவிடுகிறது. அவர் பருகும் நீர், மோர், ரசம், தேநீர் ஆகியவற்றுள் சிறிதளவே வியர்வையாகவும் மூச்சாகவும் செல்லும். எஞ்சியது உடலில் தங்கிவிடும். உப்பு மிகுந்தால் தாகமும் மிகும். தண்ணீர்க் குவளையைக் கண்காணிக்கும் வீட்டார் ஊறுகாய்ச் சாடியை மறந்துவிடுவதும் உண்டு.

தேங்கிய நீரையும் கழிவுகளையும் இயந்திரத்தின் துணையால் அகற்றும் சிகிச்சையே டயாலிசிஸ். வாரத்திற்கு இரண்டு அல்லது மூன்று முறை, ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ நான்கு மணிநேரம் இது நடைபெறும். குறித்துக் கொடுத்த அளவு நீரை இயந்திரம் எடுத்துவிடும். அவ்வளவு சரியானதா என்பதை அது அறியாது. அதனை மருத்துவரே முடிவுசெய்ய வேண்டும்.

மிகையான நீர் இல்லாத நிலையில் ஒருவருக்குள்ள எடை உலர் எடை எனப்படும். ஒரு லிட்டர் நீரின் எடை ஏறத்தாழ ஒரு கிலோ. ஆதலால், உலர் எடை 60 கிலோ உள்ளவர் 62.5 கிலோ எடையுடன் சிகிச்சைக்கு வந்தால், இரண்டரை லிட்டர் நீர் சேர்ந்துள்ளது எனலாம்.

கணக்கு எளிது. எனினும் உலர் எடையை எடைக்கருவி நேராகக் காட்டுவதில்லை. கணுக்காலை விரலால் அழுத்தினால் குழி விழுகிறதா, கழுத்து நரம்பு புடைத்துள்ளதா, படுத்தால் மூச்சுத் திணறுகிறதா என்பவற்றை மருத்துவர் ஆராய்வார்; இரத்த அழுத்தத்தையும் அளப்பார். நீர் அளவுக்கு மீறி எடுக்கப்பட்டால் தலை சுற்றும். கால் தசைகள் இழுத்துப் பிடிக்கும். மெல்லிய மின்னோட்டத்தை உடலில் செலுத்தி நீரளவை மதிப்பிடும் கருவியும் சில மருத்துவமனைகளில் உண்டு.

உலர் எடை என்றும் மாறாத எண்ணும் அன்று. மேற்கூறியவர் காய்ச்சலால் ஒரு மாதம் சரியாக உண்ணாமல், இரண்டு கிலோ தசை குறைந்தார் எனக் கொள்வோம். சிகிச்சை முடிந்ததும் எடைக்கருவி வழக்கம்போல் 60 காட்டும். வீட்டாரும் நிம்மதியுடன் திரும்புவர். ஆனால், குறைந்த தசையின் இடத்தை இரண்டு லிட்டர் நீர் நிரப்பியிருக்கும். அந்நீர் நுரையீரலில் தேங்கினால், இரவில் படுக்க இயலாமல் அவர் எழுந்து அமர்ந்து மூச்சு வாங்குவார். அப்போது அவருடைய உலர் எடையை மருத்துவர் படிப்படியாக 58 கிலோவுக்குக் குறைப்பார். பசி மீண்டு உடல் தேறினால் அதனை மறுபடியும் உயர்த்துவார்.