டிசம்பர்ல வாங்கின கிறிஸ்துமஸ் செடி மே மாசம் வரைக்கும் இருக்குமா?

டிசம்பர் முதல் வாரம் ஆனா போதும், உப்பளத்துல எங்க தெருவுல வாசலுக்கு வாசல் நட்சத்திரம் தொங்க ஆரம்பிச்சிடும். கூடவே நர்சரியிலிருந்து ரெண்டு தொட்டிகளும் வந்து இறங்கும். ஒண்ணு, அடுக்கடுக்கா கிளை விட்ட குட்டி ‘கிறிஸ்துமஸ் ட்ரீ’. இன்னொண்ணு, உச்சியில சிவப்பா இலை விரிச்ச பாயின்செட்டியா. பொங்கல் வரைக்கும் ரெண்டும் ஜம்முனு இருக்கும். மே மாசம் போய்ப் பார்த்தீங்கன்னா காலித் தொட்டி மொட்டை மாடியில கவுந்து கிடக்கும். எங்க வீட்டுல இப்படி மூணு மரம் போயிருக்கு. மூணாவது போனப்புறம்தான் ஏன்னு தேட ஆரம்பிச்சேன். மரத்தைக் கொன்னது வெயில் இல்லை, நாங்க ஊத்தின தண்ணின்னு அப்பதான் புரிஞ்சுது.

முதல்ல மரத்தோட கதை. எங்க ஆயா காலத்துல கிறிஸ்துமஸ் மரம்னா சவுக்குக் கிளைதான். மரக்காணம் பக்கம் தோப்புல வெட்டி வந்து, மண் நிரப்பின வாளியில நட்டு, பஞ்சு ஒட்டி, ஜிகினா பேப்பர் சுத்துவாங்க. பார்க்க பைன் மாதிரி இருந்தாலும் சவுக்கு ஊசியிலை மரமே இல்லை. அது பூக்கும் தாவரம். ஊசி மாதிரி தெரியுறது பச்சைக் குச்சி. உண்மையான இலைகள் அதன் கணுக்களில் மிகச் சிறிய செதில்களாக இருக்கும்.

இப்போ நர்சரியில கிறிஸ்துமஸ் ட்ரீன்னு கேட்டா பெரும்பாலும் தருவது அரோகேரியா. ஐரோப்பாவுல வைக்கிற ஃபிர், ஸ்ப்ரூஸ் மரங்களுக்குக் குளிர் வேணும், நம்ம ஊர்ல நிக்காது. அரோகேரியாவில் நம்ம பக்கம் கிடைப்பது முக்கியமா ரெண்டு வகை: நார்ஃபோக் தீவு பைன், குக் பைன். பேர்ல பைன் இருந்தாலும் ரெண்டும் பைன் குடும்பம் கிடையாது. இரண்டையும் பசிபிக் கடலில் கேப்டன் ஜேம்ஸ் குக் 1774-ல் பார்த்தார். குக் பைனின் சொந்த ஊர் நியூ கலிடோனியா. அந்தத் தீவை 1853-ல் பிரான்ஸ் எடுத்துக்கொண்டது. 1954 வரைக்கும் பிரெஞ்சு ஆட்சியில இருந்த நம்ம புதுச்சேரிக்கு ஒரு வகையில அது தூரத்துச் சொந்தக்கார மரம்.

இன்னொரு விஷயம், குக் பைன் நேராக நிற்பதில்லை. 2017-ல் வெளியான ஓர் ஆய்வு, உலகத்தில் எங்கே நட்டாலும் இந்த மரம் பூமத்திய ரேகைப் பக்கமே சாய்கிறது என்று காட்டியது. சராசரிச் சாய்வு சுமார் 8 டிகிரி. அதனால நம்ம ஊர்ல வளர்ந்த குக் பைன் தெற்கே லேசா சாஞ்சிருந்தா அடித்தளம் சரியில்லைன்னு சிவில் பசங்க கவலைப்பட வேண்டாம்.

கடலோர மரம் என்பதால் அரோகேரியா உப்புக் காற்றைத் தாங்கும். இலையின் மேல் உள்ள மெழுகுப் பூச்சு உப்பை உள்ளே விடாது. ஆனா உப்புக் காத்து வேற, உப்புத் தண்ணி வேற. உப்பளம்னு பேர்லயே உப்பு இருக்கு, கடலும் கிட்டத்துலயே. எங்க போர் தண்ணியில டிடிஎஸ் மீட்டரை வெச்சப்போ நாலு இலக்கம் காட்டுச்சு. தொட்டியில ஊத்தின தண்ணி ஆவியாகிப் போயிடும், உப்பு மட்டும் மண்ணுலயே தங்கும். ஒரு நாள் இல்லை, நூறு நாள் சேர்ந்தா என்ன ஆகும்? வேரைச் சுத்தி உப்புச் செறிவு ஏறி, மண்ணு ஈரமா இருந்தாலும் வேரால தண்ணியை இழுக்க முடியாது. பிளஸ் டூவுல படிச்ச சவ்வூடு பரவல்தான். இலை நுனி பழுப்பாகும். நாம உடனே ‘செடிக்குத் தண்ணி பத்தலை போல’ன்னு அதே தண்ணியை இன்னும் ரெண்டு சொம்பு ஊத்துவோம்.

எங்க வீட்டுல நடந்தது இதைவிட மோசம். தண்ணி வீணாகக் கூடாதுன்னு ஆர்ஓ மெஷின்ல வெளியேறுற கழிவுத் தண்ணியைப் பிடிச்சு செடிக்கு ஊத்தினோம். நல்ல எண்ணம்தான், கணக்குதான் தப்பு. மூணு லிட்டர் உள்ளே போய் ஒரு லிட்டர் குடிநீரா வந்தா, மூணு லிட்டரோட உப்பும் ஏறக்குறைய மொத்தமா மீதி ரெண்டு லிட்டர்ல இருக்கும். அதாவது, போர் தண்ணியைவிட ஒன்றரை மடங்கு உப்பு. அந்தத் தண்ணி வீடு துடைக்க, பாத்ரூம் கழுவ ஆகும், தொட்டிக்கு ஆகாது.

அப்போ எதை ஊத்துறது? ஏசியிலிருந்து சொட்டுற தண்ணி. காத்துல இருந்த ஈரம் குளிர்ந்து விழுறதால அதுல உப்பு கிட்டத்தட்ட கிடையாது. நம்ம ஊர் புழுக்கத்துக்கு ராத்திரி ஓடுற ஏசியே ரெண்டு தொட்டிக்குத் தேவையானதைக் கொடுத்துடும். சத்தும் இருக்காதுங்கிறதால மாசம் ஒரு பிடி மண்புழு உரம் போடுங்க. ஏசி இல்லாத வீடுன்னா மழைத் தண்ணியை டிரம்முல பிடிச்சு, கொசு வராம வலை கட்டி மூடி வைங்க. போர் தண்ணியைத் தவிர வேற வழியே இல்லைன்னா, நல்ல தண்ணி கிடைக்கிற அன்னைக்கு தொட்டி அளவைப்போல ரெண்டு மூணு மடங்கு மெதுவா ஊத்தி, அடி ஓட்டை வழியா உப்பைக் கழுவி விடுங்க. பாத்திரம் கழுவின சோப்புத் தண்ணி வேண்டவே வேண்டாம். சிட்னி கடற்கரையில் வரிசையாக நின்ற நார்ஃபோக் பைன்கள் காயத் தொடங்கியபோது, கழிவுநீரோடு கடலில் கலந்த டிடர்ஜென்ட்தான் காரணம் என்று தெரியவந்தது. அது அலைத்துளியோடு பறந்து வந்து இலை மேலே படிந்ததில் மெழுகுக் காவல் உடைந்து, உப்பு உள்ளே போய்விட்டது.

வாங்கும்போது முதல்ல உச்சி நுனியைப் பாருங்க. அது உடைஞ்சிருந்தா என்ன தள்ளுபடி கொடுத்தாலும் வேண்டாம், அப்புறம் மரம் பழைய வடிவத்துக்கு வராது. அடிக்கிளையும் அப்படித்தான், ஒரு தடவை காய்ஞ்சு விழுந்தா அந்த இடத்துல மறுபடி துளிர்க்காது. அதனால நட்சத்திரத்தை உச்சி நுனியில சொருகாதீங்க. பக்கத்துல ஒரு குச்சி நட்டு அதுல கட்டுங்க. சூடாகுற பழைய சீரியல் பல்புக்குப் பதில் எல்இடி. ஸ்நோ ஸ்ப்ரே அடிச்சா இலைக்கு வெளிச்சம் தடைபடும். வீட்டுக்குள்ள பத்து நாள் போதும். திரும்ப வெளியே எடுக்கும்போது முதல்ல நிழல், அப்புறம் காலை வெயில்னு பழக்குங்க. மழை நாள்ல அடித்தட்டை எடுத்துடணும். 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயல்ல தெருவே குளமானப்போ, தட்டோட விட்ட தொட்டியில வேர் அழுகிடுச்சு. தரையில நடலாமான்னு கேட்டா, எங்க தெரு அகலத்துக்கு வேண்டாம். சொந்த ஊர்ல 50 மீட்டருக்கு மேல போற மரம் அது.

பாயின்செட்டியாவுக்குப் பிரச்சினை வேற: வெளிச்சம். மெக்சிகோவைச் சேர்ந்த செடி. அங்கே அமெரிக்கத் தூதராக இருந்த பாயின்செட் என்பவர் 1820-களில் தன் நாட்டுக்கு அனுப்பியதால் இந்தப் பெயர். சிவப்பா இருக்கிறது பூவே இல்லை, நிறம் மாறின இலை. நடுவுல மஞ்சளா இருக்கிற குட்டி மணிகள்தான் பூ. வாங்கும்போது அந்த மணிகள் உதிராம இருக்கான்னு பாருங்க, உதிர்ந்திருந்தா சிவப்பும் சீக்கிரம் போயிடும்.

இந்தச் செடி பகலை அளக்கிறதில்லை, இரவை அளக்குது. தொடர்ச்சியான நீண்ட இருட்டு பல வாரம் கிடைத்தால்தான் சிவக்கும். நடுவுல கொஞ்ச நேரம் வெளிச்சம் பட்டாலும் கணக்கு கெட்டுடும், மைக்ரோகன்ட்ரோலர் லேப்ல ஓடுற டைமருக்கு ரீசெட் கொடுத்த மாதிரி. எங்க வீட்டு பால்கனிக்கு நேரா தெருவிளக்கு. போன வருஷச் செடி விளக்குப் பக்கம் பச்சையாவும் சுவர்ப் பக்கம் சிவப்பாவும் நின்னுது! அம்மா நோய்னு நினைச்சு வேப்பெண்ணெய் அடிச்சாங்க. மார்ச்சில் பாதியாக வெட்டி விட்டு, அக்டோபர் தொடக்கத்திலிருந்து தினமும் மாலை 5 மணிக்கு அட்டைப் பெட்டியால் மூடி, காலை 8 மணிக்குத் திறங்க. எட்டு முதல் பத்து வாரம் ஆகும். செமஸ்டர் நேரத்துல இது கொஞ்சம் கஷ்டம்தான். வெட்டும்போது வடியுற பால் கண்ணுல படக்கூடாது. திருகுகள்ளியோட இனம் இது.

இந்த வேலையெல்லாம் முடியாதுன்னா டிசம்பர் பூ இருக்கவே இருக்கு. ஊதா நிறம், ஒரு குச்சியை ஒடிச்சு நட்டா வந்திடும், பேர்லயே மாசம் இருக்கு. இதை ஏன் யாரும் கிறிஸ்துமஸ் செடின்னு விக்கலைன்னு எனக்கு இன்னும் புரியலை.

அப்புறம் குடிலுக்கு வைக்கிற கேழ்வரகுப் பயிர். ஒரு ராத்திரி ஊற வெச்சு, டிசம்பர் 15 வாக்கில் அகலமான தட்டில் மெல்லிசா மண் பரப்பி, நெருக்கமா தூவி, முளை வரும்வரை ஈரத்துணியால மூடுங்க. அப்புறம் வெளிச்சத்துக்கு மாத்திடுங்க. 24-ஆம் தேதி ராத்திரி குட்டி வயல் மாதிரி பச்சைப்பசேல்னு நிக்கும். ஏசி தண்ணியில ஒரு கை தெளிச்சா போதும்.