ஒரு சொல்லில் ஒரு தீர்ப்பு: கன்பூசிய அறமும் சீன வரலாற்று நூலும்

கொல்லுதல் என்னும் செயலைக் குறிக்கப் பழஞ்சீன மொழியில் சொற்கள் பல உண்டு. பொதுவாகக் கொல்லுதல் 'ஷா' எனப்படும். குற்றவாளியை ஒறுத்துக் கொல்லுதல் 'ஜூ'. அமைச்சன் அரசனையோ, மகன் தந்தையையோ கொல்லுதல் 'ஷி'. தமிழிலும் 'செத்தான்', 'மறைந்தார்' என்பன ஒரு பொருளே தரினும் ஒரே மதிப்பைத் தருவன அல்ல. ஆயின் சீன வரலாற்றாசிரியர்கள் இவ்வேறுபாட்டை ஒரு நீதிமன்றமாகவே ஆக்கிவிட்டனர்.

இதற்கு முதல்நூலாக நிற்பது 'சுன் சியூ'. 'இளவேனிலும் கூதிரும்' என்பது இதன் பொருள். லூ நாட்டின் ஆண்டுக்குறிப்பாகிய இந்நூல், கி.மு. 722 முதல் 481 வரை 12 கோமக்களின் காலத்தைக் கூறுவது. போர், உடன்படிக்கை, இறப்பு, கதிரவன் மறைப்பு எனச் செய்திகள் ஓரிரு வரியில் முடிந்துவிடும். லூ நாட்டிற் பிறந்த கன்பூசியஸ் (கி.மு. 551–479) இதனைத் திருத்தியமைத்தார் என்பது மரபு, இக்கால ஆய்வாளர் பலர் அதனை ஐயுறுவர். இந்நூல் நிறைவுற்றதும் அரசைக் கவிழ்ப்போரும் தீய மக்களும் அஞ்சினர் என்றார் மென்சியஸ். இத்துணை வறண்ட குறிப்புகள் எவரை அச்சுறுத்தும் என்று வினவலாம். விடை அதன் சொல்லாட்சியில் உள்ளது. சூ நாட்டுத் தலைவன் தன்னை 'மன்னன்' என்று அழைத்துக்கொண்டான். 'சுன் சியூ' அவனுக்குத் தாழ்ந்த பட்டமே தந்தது.

இம்மரபின் இயல்பை விளக்க ஜின் நாட்டு நிகழ்ச்சி ஒன்றே போதும். அந்நாட்டுக் கோமகன் லிங் கொடியவன். இடித்துரைத்த தலைமை அமைச்சர் ஜாவோ துன்னைக் கொல்லவும் முயன்றான். துன் தப்பியோடினார். அவர் எல்லையைக் கடக்குமுன், உறவினன் ஜாவோ சுவான் கோமகனைக் கொன்றான் (கி.மு. 607). துன் திரும்பிவந்தார். அரசவை வரலாற்றாசிரியர் துங் ஹூ, 'ஜாவோ துன் தன் தலைவனை ஷி செய்தான்' என்றெழுதி அவையில் காட்டினார். துன் மறுத்தார். "நீர் தலைமை அமைச்சர், ஓடியும் எல்லை கடக்கவில்லை, மீண்டும் கொலையாளியை ஒறுக்கவில்லை, உம்மையன்றி யாரைச் சொல்வது?" என்பதே துங் ஹூவின் மறுமொழியின் கருத்து. கன்பூசியஸ் இருவரையும் புகழ்ந்தார் என்பர். எல்லையைக் கடந்திருந்தால் துன் பழி நீங்கியிருப்பார் என்றும் இரங்கினாராம்.

வாளெடுத்தவன் யார் என்பதன்று, பொறுப்பாளி யார் என்பதே இங்கு உண்மையாகக் கொள்ளப்பட்டது. இஃது உயர்ந்த நோக்கே. எனினும் இடர் உடையது. நடந்ததை மட்டும் அறிய விரும்பும் ஒருவன் இவ்வரியைப் படித்தால் தவறான ஆளையன்றோ கொலையாளி எனக் கொள்வான்?

இக்கடமைக்காக உயிர்விட்டோரும் உளர். கி.மு. 548-இல் சீ நாட்டமைச்சன் சுவெய் ஜூ தன் கோமகனைக் கொல்வித்தான். அதனை உள்ளவாறே எழுதிய வரலாற்றாசிரியரை அவன் கொன்றான். தம்பியர் இருவர் அவ்வாறே எழுதி அடுத்தடுத்து மாண்டனர். எஞ்சிய தம்பியும் அதனையே எழுதினான். சுவெய் ஜூ அவனை விட்டுவிட்டான். அனைவரும் மாண்டனர் எனக் கேட்டு ஏடு ஏந்தி வந்த மற்றொரு வரலாற்றாசிரியர், எழுதியாயிற்று என்றறிந்த பின்னரே திரும்பினார்.

ஆயின் 'சுன் சியூ' தன் சொந்த நாட்டிடம் இக்கண்டிப்பைக் காட்டவில்லை. கி.மு. 712-இல் லூ நாட்டுக் கோமகன் யின் கொலையுண்டான். நூலோ அவன் இறந்தான் என்று மட்டும் கூறுகின்றது. அடக்கம் செய்ததைக் குறிக்காது விட்டதே குறிப்பு, கொலையாளி ஒறுக்கப்படாமையை அது காட்டும் என்று கோங்யாங் உரை அமைதி கூறும். உரையில்லையேல் அம்மௌனத்தை யார் அறிவார்? தாங் காலத்து லியூ ஜீஜி, கி.பி. 710-இல் முடித்த 'ஷி துங்' நூலில், இவ்வாறு மறைத்தலைத் துணிந்து குறைகூறினார். கன்பூசியரின் பெயரால் போற்றப்பட்ட நூலைப் பழித்தமையால் பின்வந்தோர் அவரைக் கடிந்தனர்.

அதே தாங் மரபின் பேரரசர் தாய்சுங், கி.பி. 626-இல் உடன்பிறந்தார் இருவரைக் கொன்று அரியணை பெற்றவர். தம் செயல்களைக் குறித்துவந்த ஏட்டைக் காண விரும்பினார். ஏட்டாளர் சூ சுயிலியாங் மறுத்தார். தீமையையும் எழுதுவீரோ என்றதற்கு, அதுவே தம் கடமை என்றார். பிறகு வேறு அமைச்சர் வாயிலாக வரலாற்றை வருவித்துப் படித்த பேரரசர், உடன்பிறந்தாரைக் கொன்ற பகுதி மூடுமந்திரமாக இருக்கக் கண்டு, நேரே எழுதுக என ஆணையிட்டார். அத்துடன் ஒன்றையும் நினைவூட்டினார்: பழங்காலத்துச் சௌ கோமகனும் நாட்டின் அமைதிக்காகத் தன் உடன்பிறந்தாரை ஒறுத்தவனே. அவ்விடத்து அவர் ஆண்ட சொல் 'ஜூ'.