கேள்வி கேட்கும் உரிமை
சென்னை மாகாண சட்டமன்றம், 1861–1937

இன்று இந்தியச் சட்டமன்றங்கள் பெரும்பாலும் கேள்வி நேரத்தோடு தொடங்குகின்றன. 1861-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த சென்னை மன்றத்தில் அது கிடையாது. ஆளுநர் நியமித்த உறுப்பினர்கள், முன்வைக்கப்பட்ட மசோதாவைப் பற்றி மட்டுமே பேசலாம். பஞ்சம் பற்றியோ வரி பற்றியோ அரசிடம் விளக்கம் கேட்க வழியில்லை.

1892-இல் கேள்வி கேட்கவும் வரவு செலவுத் திட்டத்தை விவாதிக்கவும் உரிமை வந்தது. ஆனால் வாக்கெடுப்பு இல்லை. பதில் எவ்வளவு மழுப்பலாக இருந்தாலும் மடக்கிக் கேட்க முடியாது. துணைக் கேள்விக்கு 1909 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதுவும் முதல் கேள்வியைக் கேட்டவருக்கு மட்டுமே! சிறிய விதிதான், அதிகாரிகளை நேருக்கு நேர் பதில் சொல்ல வைத்தது அதுவே.

1919-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ், தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் பெரும்பான்மையாக இருந்த மன்றம் 1921-இல் கூடியது. மானியக் கோரிக்கைகள் வாக்கெடுப்புக்கு வந்தன. மன்ற நடவடிக்கைகள் ஆங்கிலத்தில் நடந்தன. ஆங்கிலம் சரளமாக வராதவர் தாய்மொழியில் பேசலாம்.

ஆனாலும் காவல், நிலவரி போன்று ஆளுநரின் பொறுப்பில் ஒதுக்கப்பட்ட துறைகளுக்கு மன்றம் மறுத்த பணத்தை ஆளுநர் தம் அதிகாரத்தால் மீட்டுக்கொள்ளலாம். 1937 வரை அந்த ஏற்பாடு நீடித்தது.