புண்ணாக்குக் கடனும் ஏரித் தண்ணீரும்

தவிடு, கடலைப் புண்ணாக்கு கேட்டு மாட்டுக்காரர்கள் மட்டுமே நம் கடைகளுக்கு வந்த காலம் போய், இன்று மீன் வளர்ப்போரும் நல்ல வாடிக்கையாளர்களாகி விட்டனர். மூட்டை மூட்டையாக எடுக்கிறார்கள். ஆனால் பெரும்பாலும் கடனுக்கு. மீன் விற்றால்தான் நமக்குப் பணம். ஆகவே குளத்தில் நடப்பதை வியாபாரிகளாகிய நாமும் ஓரளவு தெரிந்து வைத்திருப்பது நல்லது.

1957 ஜூலை 10-ஆம் தேதி, அன்றைய ஒரிசாவில் ஹீராலால் சௌத்ரி என்ற விஞ்ஞானி கெண்டை மீன்களுக்கு ஊசி போட்டு முட்டையிடச் செய்தார். அதற்கு முன் குஞ்சுகளுக்கு ஆறுகளையே நம்பியிருந்தனர்.

கட்லா மேல்மட்டத்திலும், ரோகு நடுமட்டத்திலும், மிர்கால் அடிமட்டத்திலும் மேய்பவை. ஒன்றின் இரைக்கு மற்றது அதிகம் போட்டிக்கு வராது. (நம் கடைத்தெருவிலும் இப்படி இருந்தால் எவ்வளவு சௌகரியம்!) குளத்தைக் காயவிட்டு, சுண்ணாம்பும் சாணமும் இட்டுத் தண்ணீர் நிறுத்தினால், சில நாட்களில் நீர் இளம்பச்சையாகும். அந்தப் பச்சைதான் முதல் தீவனம். மேல்தீவனமாகத்தான் நம் சரக்கு போகிறது.

கணக்கு இதுதான். ஓர் ஏக்கர் குளத்தில் அரைக் கிலோ எடையில் 2,000 மீன்கள் இருந்தால் மொத்தம் 1,000 கிலோ. தினம் நூற்றுக்கு இரண்டு வீதம் 20 கிலோ தீவனம். தவிடு பாதி, புண்ணாக்கு பாதி. மாதம் 600 கிலோ. இதற்கு மேல் வெகுவாகக் கேட்டால், விற்பனை கூடியது என்று மகிழ வேண்டாம். மிஞ்சிய தீவனம் அடியில் அழுகும்; நீரில் பிராணவாயு குறையும். மேகமூட்டமான நாட்களில் விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாய் திறந்து தவிக்கும். உடனே தீவனத்தை நிறுத்திப் புதுத்தண்ணீர் இறைக்காவிட்டால் ஒரே இரவில் எல்லாம் மிதக்கும். நம் பாக்கியும் அதோடு மிதக்கும்!

பூஞ்சணம் பிடித்த புண்ணாக்கை மீனுக்குத்தானே என்று தள்ளிவிடுவது பெருந்தவறு. 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் மாண்டது, பிரேசிலிலிருந்து போன கடலைப் புண்ணாக்கிலிருந்த பூஞ்சண நஞ்சால்தான்.

ஏரிக் குத்தகை வேறு விஷயம். மீன்பாசி குத்தகை பசலி ஆண்டுக்கு, அதாவது ஜூலை முதல் ஜூன் வரை. வடகிழக்குப் பருவமழையை நம்பிய ஏரிகளில் தண்ணீர் சேருவதோ ஐப்பசி, கார்த்திகையில். தூர் வாராத ஏரியானால் மாசியிலேயே தரை தெரியும். பயிர் காய்ந்தால் ஆயக்கட்டுக்காரர் மதகைத் திறக்கச் சொல்வார். மீனுக்காக அடைக்கச் சொல்வார் குத்தகைதாரர். இருவருமே நம் கடைக் கணக்கில் இருப்பவர்கள். ஏரி பாசனத்துக்கு வெட்டப்பட்டது. பயிருக்குப் போனது போகத்தான் மீனுக்கு என்பதே நம் கருத்து. தண்ணீர் நிற்கும் காலம் குறைவு என்பதால், சிறு குஞ்சு விடாமல் விரல் நீளத்துக்கு மேல் வளர்ந்த குஞ்சாக விடுவதே அவர்களுக்கும் லாபம்.

எனவே, ஏரிக்குக் கடன் கேட்பவரிடம் குத்தகைச் சீட்டை மட்டும் பார்த்துச் சரக்கு ஏற்ற வேண்டாம். கார்த்திகையில் ஒருநாள் கரைக்குப் போய்த் தண்ணீரைப் பார்த்து வரலாம். வலை போடும் நாளையும் கேட்டு வைத்துக்கொண்டு, அன்று ஆளை அனுப்பினால், மீன் வியாபாரி எண்ணிக் கொடுக்கும் பணத்திலேயே நம் பற்று கழிந்துவிடும்.