திறன்பேசிவழி மெய்நிகர் உண்மை விளையாட்டு

திறன்பேசிவழி மெய்நிகர் உண்மை விளையாட்டு என்பது, கையிலுள்ள திறன்பேசியையே திரையாகவும் கணினியாகவும் கொண்டு, இரு வில்லைகள் பொருத்திய பெட்டியொன்றின் வழியே முப்பரிமாணச் சூழலைக் கண்டு விளையாடும் முறை ஆகும். மெய்நிகர் உண்மையைக் குறைந்த செலவில் அறிமுகம் செய்துகொள்ள இது உதவுகின்றது. 2020இல் வெளியான மெட்டா குவெஸ்ட் 2 போன்ற தனித்தியங்கும் தலையணிக் கருவியின் தொடக்க விலை 299 அமெரிக்க டாலராக இருந்தது. இந்தியாவில் 2023இல் வெளியான ஜியோடைவ் என்னும் திறன்பேசிப் பெட்டியின் தொடக்க விலையோ 1,299 ரூபாயாக இருந்தது. எனினும் பெட்டி மலிவானது என்பதால் மட்டும் இம்முறை பயன் தராது. திறன்பேசியில் சுழல்காட்டி உள்ளதா என்பதே முதலில் அறியவேண்டியது ஆகும்.

இயங்கும் விதம்

மனிதரின் இரு கண்களும் ஒரே பொருளைச் சற்று வேறுபட்ட கோணங்களில் காண்கின்றன. மூளை அவ்விரு காட்சிகளையும் இணைத்து ஆழத்தை உணர்கின்றது. இதனை விளக்கும் கருவியைச் சார்லசு வீட்சுடன் 1838இல் வெளியிட்டார். திறன்பேசிப் பெட்டியும் இதே கோட்பாட்டில் அமைந்ததாகும். திரை இரண்டாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு கண்ணுக்கும் தனிப் படம் காட்டப்படுகின்றது. கண்ணுக்கு மிக அருகிலுள்ள திரையை நம்மால் தெளிவாகக் காண இயலாது. பெட்டியிலுள்ள குவிவில்லைகள் அப்படத்தைப் பெரிதாக்கித் தொலைவில் இருப்பதுபோலத் தோன்றச் செய்கின்றன.

தலை திரும்பும்போது படமும் அதற்கேற்ப மாறவேண்டும். இதற்குத் திறன்பேசியிலுள்ள மூன்று உணரிகள் பயன்படுகின்றன.

1. சுழல்காட்டி: ஜைரோஸ்கோப் எனப்படும் இவ்வுணரி, கருவி எவ்வளவு விரைவாகத் திரும்புகின்றது என்பதை அளக்கின்றது.
2. முடுக்கமானி: புவியீர்ப்பின் திசையைக் காட்டி, மேல் கீழ் எது என அறிவிக்கின்றது.
3. காந்தமானி: திசைகாட்டி போலச் செயற்பட்டு வடக்குத் திசையை உணர்த்துகின்றது.

சுழல்காட்டியின் அளவீட்டில் சிறு பிழைகள் சேர்ந்துகொண்டே போகும். மற்ற இரு உணரிகளும் அப்பிழையைத் திருத்துகின்றன. ஆனால் சுழல்காட்டி இல்லாதபோது அதன் பணியை அவற்றால் செவ்வனே ஆற்ற இயலாது. அந்நிலையில் படம் அசையாது நிற்கும், அல்லது நடுங்கியும் தாமதித்தும் நகரும்.

வரலாறு

தென் கலிபோர்னியாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2012இல் அட்டையை மடித்துச் செய்யும் காட்சிப் பெட்டியொன்றை வெளியிட்டனர். பாரிசிலுள்ள கூகுள் பண்பாட்டு நிறுவனத்தின் பொறியாளர்களான டேவிட் கோசு, டேமியன் ஆன்றி ஆகியோர் உருவாக்கிய 'கூகுள் கார்ட்போர்ட்', 2014 சூன் மாதம் அறிவிக்கப்பட்டது. அதன் வரைபடம் இலவசமாக வெளியிடப்பட்டமையால் எவரும் தாமே பெட்டியைச் செய்துகொள்ள முடிந்தது. 2015 நவம்பரில் நியூயார்க் டைம்சு நாளிதழ் தன் வாசகர்களுக்குப் பத்து இலட்சத்திற்கும் மேற்பட்ட பெட்டிகளை அனுப்பியது.

அதன்பின் வந்த விலை கூடிய முயற்சிகள் நிலைக்கவில்லை. சாம்சங் கியர் வி.ஆர். கருவியை, 2019இல் வந்த நோட் 10 திறன்பேசி ஏற்கவில்லை. கூகுள் டேடிரீம் 2019இல் கைவிடப்பட்டது. கார்ட்போர்ட் மென்பொருளின் மூலநிரலை 2019 நவம்பரில் பொதுவில் வெளியிட்ட கூகுள், 2021 மார்ச்சில் தன் கடையில் பெட்டி விற்பனையை நிறுத்தியது. எனினும் வரைபடமும் மூலநிரலும் பொதுவில் உள்ளமையால் பிற நிறுவனங்களின் பெட்டிகளும் செயலிகளும் அதே முறையைப் பின்பற்றுகின்றன.

இந்தியாவில் ஜியோ நிறுவனம், 2023 ஐ.பி.எல். துடுப்பாட்டத் தொடரை 360 பாகைக் காட்சியாகக் காண்பதற்கென ஜியோடைவ் பெட்டியை வெளியிட்டது. 4.7 முதல் 6.7 அங்குலம் வரையான திரையும் சுழல்காட்டியும் கொண்ட திறன்பேசிகளுக்கென அது உருவாக்கப்பட்டது.

வாங்குமுன் செய்யவேண்டிய சோதனை

விலை குறைந்த திறன்பேசிகள் பலவற்றில் சுழல்காட்டி இருப்பதில்லை. திறன்பேசியைச் சாய்க்கும்போது திரை திரும்புவதால் மட்டும் சுழல்காட்டி உண்டு எனக் கொள்ளலாகாது. திரை திரும்புவதற்கு முடுக்கமானியே போதும். கீழ்க்காணும் சோதனைக்குச் செலவு ஏதுமில்லை.

- யூடியூப் செயலியில் 360 பாகை நிகழ்படம் ஒன்றைத் திறக்கவும்.
- விரலால் திரையைத் தொடாமல், திறன்பேசியைக் கையில் பிடித்தபடி மெல்லத் திரும்பவும்.
- காட்சி சீராகத் திரும்பினால் கருவி ஏற்றதாகும். நகராவிடில் அல்லது நடுங்கினால் பெட்டி வாங்குவது வீண் செலவே ஆகும்.

இதன்பின் திரையின் அளவு பெட்டிக்குப் பொருந்துகின்றதா எனப் பார்க்கவேண்டும். வில்லைகளின் இடைவெளியை மாற்றக்கூடிய பெட்டி சிறந்தது. கண்மணிகளுக்கு இடையிலான தொலைவு வளர்ந்தோருக்குச் சராசரியாக ஏறத்தாழ 63 மில்லிமீட்டர் எனினும், ஆளுக்கு ஆள் வேறுபடும். பெட்டியின் மீது விரைவுக்குறி அச்சிடப்பட்டிருப்பின், அதனைச் செயலியில் வருடுவதால் வில்லைகளுக்கு ஏற்பப் படம் திருத்தப்படும்.

வீட்டிலேயே செய்தல்

கூகுளின் முதல் வரைபடத்தின்படி நெளியட்டை, 45 மில்லிமீட்டர் குவியத்தூரமுள்ள இரு குவிவில்லைகள், ஒட்டுப்பட்டை, இரப்பர் வளையம், காந்தம் ஆகியவை தேவை. காந்தத்தை நகர்த்தினால் காந்தமானி அதனை உணர்ந்து பொத்தான் அழுத்தியதாகக் கொள்ளும். இது எல்லாத் திறன்பேசிகளிலும் சரிவர இயங்காமையால், 2015இல் வந்த இரண்டாம் வடிவில் திரையைத் தொடும் நெம்புகோல் அமைக்கப்பட்டது.

விளையாட்டுகளும் அவற்றின் எல்லையும்

இவ்வகை விளையாட்டுகளில் பெரும்பாலும் பார்வையாலேயே இலக்கைக் குறிவைக்கவேண்டும். நிவல் நிறுவனத்தின் இன்மைண்ட், இன்செல் ஆகியன இதற்கு எடுத்துக்காட்டுகள். முன்னதில் மனித மூளைக்குள்ளும் பின்னதில் உயிரணுவுக்குள்ளும் பயணம் செய்யலாம். செயலி ஏதும் நிறுவாமல் உலாவியிலேயே காணத்தக்க சூழல்களும் உள்ளன. குரோம் உலாவி இதற்கான வெப்எக்சுஆர் முறையை 2019 திசம்பரில் வெளியான 79ஆம் பதிப்பு முதல் ஏற்கின்றது.

இம்முறையின் எல்லையைத் திருத்தணி மலையைக் கொண்டு விளக்கலாம். அங்குள்ள முருகன் கோயிலுக்கு 365 படிகள் உண்டு. பாதிப் படியில் நின்று எடுத்த 360 பாகைப் படத்தைப் பெட்டியில் காண்பவர், மேலே கோயிலையும் கீழே ஊரையும் தலையைத் திருப்பிப் பார்க்கலாம். ஆனால் அடுத்த படியில் கால் வைத்தால் காட்சி மாறாது. உணரிகள் தலை திரும்புவதை அறியுமேயன்றி, உடல் இடம் பெயர்வதை அறியமாட்டா. தனித்தியங்கும் கருவிகள் ஒளிப்படக் கருவிகளைக் கொண்டு இடப்பெயர்ச்சியையும் கணிக்கின்றன. ஆகவே ஓடியும் குனிந்தும் ஆடும் விளையாட்டுகளைத் திறன்பேசிப் பெட்டியில் எதிர்பார்த்தல் கூடாது. படியேற இயலாத முதியவர் ஒருவர் இருந்த இடத்திலிருந்தே மலைக்காட்சியைக் காண்பதற்கோ இது போதுமானது.

பாதுகாப்பு

கண் காணும் அசைவை உடல் உணராதபோது தலைச்சுற்றலும் குமட்டலும் தோன்றலாம். அவ்வாறு தோன்றின் உடனே நிறுத்தவேண்டும். முதலில் சில நிமிடங்கள் மட்டும், அமர்ந்த நிலையில் பயன்படுத்துவது நன்று. மாடிப்படி, மொட்டைமாடி, சாலை ஆகியவற்றின் அருகே பயன்படுத்தலாகாது. கியர் வி.ஆர். கருவியைப் 13 வயதுக்குக் குறைந்தோர் பயன்படுத்தக் கூடாதென அதன் தயாரிப்பாளர் அறிவித்திருந்தனர். சிறுவர்கள் பெட்டிகளைப் பயன்படுத்தும்போது பெரியோர் உடனிருத்தல் வேண்டும். மாறுகண் உடையோருக்கு ஆழத்தோற்றம் புலப்படாமல் போகலாம். நெடுநேரம் இயங்கும் திறன்பேசி சூடேறும் என்பதால் இடையிடையே அதனைப் பெட்டியிலிருந்து வெளியே எடுத்து ஆறவிடவேண்டும்.

இவற்றையும் பார்க்கவும்

- மெய்நிகர் உண்மை
- சுழல்காட்டி
- திறன்பேசி