காய்ச்சல் இறங்கினால் கவனம் ஏறட்டும்!

"காய்ச்சல் விட்டுடுச்சு. இனி என்ன பயம்? நாளைக்கு வேலைக்குப் போயிடலாம்."

தோட்டத்து லயமானாலும் கிள்ளான் அடுக்குமாடி வீடானாலும், இந்தப் பேச்சைக் கேட்காதவர் நம்மில் இல்லை. சாதாரணக் காய்ச்சலுக்கு இது பொருந்தலாம். டிங்கிக் காய்ச்சலுக்கு இது பொருந்தவே பொருந்தாது. டிங்கியில் ஆபத்து பெரும்பாலும் காய்ச்சல் இறங்கும் நேரத்தில்தான் தொடங்குகிறது. ஆண்டுதோறும் டிங்கி மிகுதியாகக் காணும் மாநிலம் நமது சிலாங்கூர். ஆகவே, மருத்துவமனையில் மிஸ்ஸிமார் எதைப் பார்க்கிறார்கள், ஏன் பார்க்கிறார்கள் என்பதை நாமும் அறிந்துகொள்வது நல்லது.

மாத்திரை கொடுப்பதும் ஊசி போடுவதும்தான் மிஸ்ஸி வேலை என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அது பாதி வேலைகூட ஆகாது. 1860இல் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் தாதியர் பள்ளியை உருவாக்கிய பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார், நோயாளியைப் பார்த்துக் கவனிப்பதற்கென்றே தம் நூலில் ஒரு அத்தியாயம் எழுதினார். "ராத்திரி நல்லாத் தூங்கினாரா?" என்று பொதுவாகக் கேட்பதில் பயனில்லை, எத்தனை மணி நேரம் தூங்கினார் என்று கேட்க வேண்டும் என்பது அவர் கருத்து. இன்றும் தாதியர் கல்விக்கு இதுவே அடிப்படை. நோயாளியின் நிலையை அறிவது, என்ன குறை என்று முடிவு செய்வது, திட்டமிடுவது, செய்வது, செய்தது பலித்ததா என்று மறுபடி பார்ப்பது ஆகிய ஐந்து படிகளை அவர்கள் கற்கிறார்கள்.

ஓர் உதாரணம் பார்ப்போம். டிங்கி கண்ட ஒரு தொழிலாளிக்கு இன்று ஐந்தாம் நாள். காலையில் ரத்த அழுத்தம் 110க்கு 70. மாலையில் காய்ச்சல் இல்லை. ரத்த அழுத்தம் 100க்கு 82. "நூறு இருக்கே, பரவாயில்லை" என்று சொல்லத் தோன்றும். பயிற்சி பெற்ற மிஸ்ஸி இரண்டு எண்களுக்கும் இடையிலுள்ள வித்தியாசத்தைக் கணக்கிடுகிறார். காலையில் 40 இருந்தது, இப்போது 18 ஆகிவிட்டது. 20 அல்லது அதற்குக் கீழே இறங்கினால் அது அபாய அறிகுறி.

காரணம் என்ன? டிங்கி முற்றும்போது ரத்தக் குழாய்களிலிருந்து நீர் வெளியே கசிகிறது. ரத்தம் கெட்டியாகிறது. உடம்பு சமாளிப்பதற்காகக் குழாய்களை இறுக்குகிறது, நாடி வேகமாகிறது. அதனால் மேல் எண் சிறிது நேரம் தாக்குப்பிடிக்கும், கீழ் எண் ஏறும். நோயாளி தெளிவாகப் பேசிக்கொண்டும் இருப்பார். மிஸ்ஸி அவர் கையைத் தொட்டுப் பார்க்கிறார், குளிர்ந்திருக்கிறது. நகத்தை அழுத்தி விடுகிறார். நிறம் திரும்ப இரண்டு விநாடிக்கு மேல் ஆகிறது. உடனே டாக்டரை அழைக்கிறார். அந்த அழைப்பு ஒரு மணி நேரம் தாமதித்தால் உயிருக்கே மோசம்.

கசிவு ஒன்றிரண்டு நாளில் நின்று, நீர் ரத்தத்துக்குத் திரும்பிவிடும். அப்போது டிரிப் தண்ணீரைக் குறைக்காவிட்டால் நெஞ்சில் நீர் கட்டி மூச்சுத் திணறும். அதையும் கவனிப்பவர் மிஸ்ஸிதான். நாமோ "பிளேட்லெட் எவ்வளவு?" என்று மட்டும் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இந்த யோசனைத் திறன் புதிதல்ல. அன்றைய டிரசர் ஐயாவை நினைத்துப் பாருங்கள். யாரைத் தோட்டத்திலேயே வைத்துப் பார்ப்பது, யாரைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது என்று அவர் எடுத்த முடிவில்தான் பல உயிர்கள் இருந்தன. அந்தப் பொறுப்பின் அருமை கருதித்தான் தோட்ட மருத்துவ உதவியாளர்கள் பதிவு செய்யப்பட வேண்டுமென 1965இல் சட்டமே வந்தது.

நம் பங்கு என்ன? டிங்கி என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பினால், மறுநாள் வரச் சொன்ன நேரத்தில் கிளினிக்குக்குப் போக வேண்டும். தண்ணீர், பார்லி, கஞ்சி, பழச்சாறு அடிக்கடி குடிக்க வேண்டும். காய்ச்சலுக்குச் சொன்ன அளவில் பாராசிட்டமோல் போதும்; ஆஸ்பிரின், இபுபுரூபன் கூடவே கூடாது, ரத்தக் கசிவை அவை கூட்டிவிடும். கடும் வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், கறுப்பு மலம், அசதி மயக்கம், நிலைகொள்ளாமை, கை கால் குளிர்தல், ஆறு மணி நேரமாகச் சிறுநீர் இறங்காமை ஆகியவற்றில் ஒன்று கண்டாலும் விடியட்டும் என்று காத்திராதீர்கள். ராத்திரியானாலும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

"ஒருநாள் சம்பளம் போயிடுமே" என்ற கவலை நமக்குத் தெரியாததல்ல. 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, டாக்டர் சான்றிதழோடு ஆண்டுக்கு 14 நாள் சம்பளத்துடன் நோய் விடுப்பு உண்டு. இரண்டாண்டு வேலை செய்தவருக்கு 18 நாள், ஐந்தாண்டு ஆனவருக்கு 22 நாள். மருத்துவமனையில் தங்க நேர்ந்தால் 60 நாள் வரை உண்டு. விடுப்பு தொடங்கி 48 மணி நேரத்துக்குள் முதலாளிக்குத் தெரிவித்துவிட வேண்டும், மறந்துவிடாதீர்கள்.

மருத்துவமனையில் மிஸ்ஸி வந்து "எப்படி இருக்கீங்க?" என்று கேட்டால், "நல்லாருக்கேன் மிஸ்ஸி" என்று மரியாதைக்குச் சொல்லி அனுப்பிவிடாதீர்கள். எத்தனை தடவை வாந்தி, எத்தனை கப் தண்ணீர் குடித்தது, கடைசியாகச் சிறுநீர் போனது எப்போது என்று எண்ணிச் சொல்லுங்கள். பக்கத்தில் இருக்கும் மனைவியோ மகளோ, "மிஸ்ஸி, நேத்து மாதிரி இல்லைங்க, பேச்சே ஒரு மாதிரி இருக்கு" என்று கூசாமல் சொல்ல வேண்டும். கருவிக்குத் தெரியாத மாற்றம் வீட்டாருக்குத் தெரியும். அதைக் காதில் வாங்கி யோசிக்கத் தெரிந்தவரே நல்ல மிஸ்ஸி. அவருக்கு அதைச் சொல்லிக் கொடுக்க வேண்டியவர்கள் நாம்.