வெள்ளிமலைக்கு எத்தனை நடை?

கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் ரயில் இருக்கிறது. சின்னசேலத்தில் சேலம்–விருத்தாசலம் பாதை, உளுந்தூர்பேட்டையில் விழுப்புரம்–திருச்சி பாதை, திருக்கோவிலூரை ஒட்டி விழுப்புரம்–காட்பாடி பாதை. ஆனால், 2019 நவம்பர் 26 அன்று மாவட்டம் உதயமானபோது தலைநகரான கள்ளக்குறிச்சியில் மட்டும் ரயில் நிலையம் இல்லை. சின்னசேலத்திலிருந்து அங்கே வர வேண்டிய 16 கி.மீ. பாதைக்கு 2006-07லேயே ஒப்புதல் கிடைத்திருந்தது.

ஆகவே, இந்த ஊரின் பலம் பேருந்துதான். சேலம்–உளுந்தூர்பேட்டை நெடுஞ்சாலை இதைத் தொட்டுச் சென்று, சென்னை–திருச்சி சாலையில் சேர்கிறது. சென்னைக்கோ சேலத்துக்கோ கிளம்புகிறவருக்குப் பெரிய சிரமம் இல்லை.

பெரிய நகரங்களுக்கும் இப்படித் தனித்தனிப் பலமும் பலவீனமும் உண்டு. அமெரிக்காவையே எடுத்துக்கொள்ளலாம். சிகாகோவில் இரண்டு விமான நிலையங்களுக்கும் நகர ரயில் போகிறது. லாஸ் ஏஞ்சலிஸ் 1963க்குள் தன் டிராம்களை ஒழித்துவிட்டுக் காரை நம்பியது; 1990இல் மறுபடியும் ரயில் விட வேண்டியதாயிற்று. கன்சாஸ் சிட்டி 2020இல் பேருந்துக் கட்டணத்தையே நீக்கியது. 1904இல் தொடங்கிய நியூயார்க் சுரங்க ரயில் இரவு பகலாக ஓடுகிறது; நள்ளிரவில் வேலை முடித்து வரும் மருத்துவமனை ஊழியருக்கும் வண்டி உண்டு. கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் உள்ள கல்வராயன் மலைக்குப் பொருந்தும் பாடம் இந்தக் கடைசி ஊரிடம்தான் இருக்கிறது. மலையில் சுரங்க ரயில் வேண்டும் என்பதல்ல. தேவைப்படும் நேரத்தில் வண்டி வேண்டும்.

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம், கோமுகி அணை வழியாக வளைந்து ஏறும் சாலை, மலை வட்டத்தின் தலைமையிடமான வெள்ளிமலைக்குப் போகிறது. சமவெளியில் ஒரு பேருந்தைத் தவறவிட்டால் அடுத்தது வரும். மலையில் தவறவிட்டால் அன்றைய வேலை கெட்டது. வெள்ளிமலையைத் தாண்டிய சிற்றூர்களில் நிலைமை இன்னும் கடினம்; மரவள்ளிக்கிழங்கு ஏற்ற வந்த சரக்கு வண்டியில் ஆட்களும் ஏறிக்கொள்கிறார்கள். ஆபத்து என்று தெரிந்தேதான் ஏறுகிறார்கள். அவர்களுக்கு அபராதம் போடுவதற்கு முன் ஒரு பேருந்து விட்டிருக்க வேண்டும்.

இந்தப் பின்னடைவுக்கு வரலாறும் காரணம். நாடு விடுதலை பெற்று ஏறக்குறைய 30 ஆண்டுகள் வரை இந்த மலை ஜாகீர்தார்களின் பிடியில் இருந்தது. 1976இல்தான் அரசின் நேரடி நிர்வாகத்துக்குள் வந்தது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கள்ளச்சாராயச் சாவுகள் நாட்டையே உலுக்கிய பிறகு, கல்வராயன் மலை மக்களின் வாழ்நிலை குறித்து சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கு எடுத்தது. சாலையும் அங்கே பேசப்பட்டது. சாலை போட்டால் போதாது, அதில் பேருந்தும் ஓட வேண்டும்.

எந்தப் பேருந்து? கிராமங்களில் ‘நைட் ஹால்ட்’ வண்டி என்பார்கள். கடைசி நடையாக ஊருக்குள் வந்து, ஓட்டுநரும் நடத்துநரும் அங்கேயே தங்கி, விடியற்காலையில் முதல் நடையாகக் கிளம்பும் பேருந்து அது. பள்ளிப் பிள்ளைக்கும், சந்தைக்குக் காய் கொண்டுபோகிறவருக்கும், புறநோயாளிச் சீட்டுக்கு வரிசையில் நிற்க வேண்டிய கர்ப்பிணிக்கும் அதுதான் வண்டி. 2022இல் திறக்கப்பட்ட கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரி சமவெளியில், சிறுவங்கூரில் இருக்கிறது. மலையிலிருந்து காலையில் வந்து, வைத்தியம் பார்த்து, இருட்டுவதற்குள் திரும்ப முடிந்தால்தான் அந்தக் கல்லூரி மலைக்கும் சொந்தம். அதற்குத் தங்கிப் புறப்படும் வண்டிகள் பெரிய ஊர்களோடு நின்றுவிடாமல், மலையின் உள்ளே இருக்கும் ஊர்களிலும் நிற்க வேண்டும். ஊழியர்கள் படுக்க ஓர் அறை, கழிப்பறை, குடிநீர் ஆகியவற்றை ஊராட்சி செய்து கொடுத்தால் அது நடக்கக்கூடியதே.

2021 மே மாதம் முதல் தமிழகத்தின் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமின்றிப் போகிறார்கள். கன்சாஸ் சிட்டியைப் போலவே துணிச்சலான முடிவு இது. ஆனால், பேருந்தே வராத ஊரில் இலவசத்தால் என்ன பயன்? அந்த இடைவெளியை நிரப்பத்தான் 2025 ஜூனில் புதிய மினி பஸ் திட்டம் தொடங்கியது. ஒரு வழித்தடத்துக்கு அதிகபட்சம் 25 கி.மீ. தான். வெள்ளிமலையிலிருந்து கள்ளக்குறிச்சிவரை அது எட்டாது. சிற்றூர்களிலிருந்து வெள்ளிமலைவரை எட்டும். அங்கே பெரிய பேருந்து புறப்படுவதற்குக் கால் மணி நேரம் முன்னதாக மினி பஸ் வந்து சேரும்படி இரண்டின் கால அட்டவணையையும் ஒரே மேசையில் வைத்து எழுத வேண்டும். அந்த மேசைக்குப் போக்குவரத்துக் கழகத்தையும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தையும் மாவட்ட நிர்வாகம் அழைக்கலாம். மலை ஊராட்சிகளின் தலைவர்களையும் உட்கார வைக்க வேண்டும்.